ஆணி அறையாத கலங்கள்

இராயபுரத்திலிருந்து காசிமேடு, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் நோக்கிக் கடலோரச் சாலையில் செல்வோர் கண்ணில் இன்று படுவன யாவை? ஒருபுறம் சரக்குப் பெட்டிகளைச் சுமந்து வரிசை வரிசையாகக் காத்து நிற்கும் பெரிய லாரிகள். மறுபுறம் கடலுக்கும் சாலைக்கும் இடையே கொட்டிக் குவிக்கப்பட்ட கருங்கற்கள். வடக்கே எண்ணூரில், 2001ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் துறைமுகத்தில் நிலக்கரிக் கப்பல்கள் அணைகின்றன. அதையடுத்துக் காட்டுப்பள்ளியில் இரும்புத் தகடுகளைப் பற்றவைத்துக் கப்பல் கட்டும் தளமொன்று அமைந்திருக்கிறது. இக்காட்சிகளைக் காண்போர், சென்னையின் கடல் வாணிபம் என்பதே இரும்பும் நீராவியும் எந்திரமும் கொண்டுவந்து கொடுத்த செல்வம் என எண்ணிவிடுவது இயல்பே.

உண்மை அதுவன்று. 1639இல் சென்னை நகரம் கருக்கொண்ட நாள் முதல் இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக, கடல் வழியே இந்நகருக்கு வந்த சரக்கும், இங்கிருந்து சென்ற துணிப்பொதியும், கவர்னர் முதல் கடைநிலைச் சிப்பாய் வரை வந்திறங்கிய மனிதரும், ஓர் இரும்பாணிகூட அறையப்படாத, தென்னங்கயிற்றால் தைக்கப்பட்ட படகுகளிலேயே அலையைக் கடந்தனர். ஆங்கிலேயர் அப்படகுகளை ‘மசூலா’ என்றனர். புதுவையிலிருந்த பிரெஞ்சுக்காரர் ‘ஷெலாங்கு’ என்றனர். நம் தமிழில் வழங்கும் ‘சலங்கு’ என்னும் சொல்லே அவர்கள் நாவில் அவ்வாறு திரிந்தது.

சென்னைத் துறைமுகத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இரும்புப் பாலத்திலிருந்தோ கற்சுவர்களிலிருந்தோதான் தொடங்குகின்றனர். தைத்த படகுகளுக்கு ஓரிரு வரிகள் கிடைத்தால் அதுவே பெரிது. அந்த வரிகளிலும் ‘பண்டைக்காலத்துக் கரடுமுரடான படகு’ என்ற இளக்காரமே தொனிக்கும். அந்த இளக்காரம் நியாயமானதுதானா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

துறை இல்லாத் துறைமுகம்

சோழமண்டலக் கடற்கரையின் இயல்பை முதலில் உணர்தல் வேண்டும். மேற்குக் கடற்கரையில் இருப்பன போன்ற ஆழமான கழிகளோ, கப்பல்கள் ஒதுங்குதற்குரிய குடாக்களோ சென்னையில் இல்லை. கோடு கிழித்தாற்போல் நீண்டு கிடக்கும் மணற்கரை ஒன்றே உண்டு. கூவமும் எண்ணூர்க் கழியும் கடலோடு கலக்கும் இடங்களை ஆண்டின் பெரும்பகுதியில் மணல்மேடுகள் அடைத்துக்கொள்ளும். எனவே ஐரோப்பியக் கப்பல்கள் கரைக்கு ஒரு மைலுக்கும் அப்பால், திறந்த கடலில் நங்கூரம் பாய்ச்சி நிற்க வேண்டியிருந்தது.

கப்பலுக்கும் கரைக்கும் இடையில் கிடந்ததோ ஓயாது எழுந்து உடையும் அலைவரிசைகள். அமைதியான நாளிலும் அவை அடங்குவதில்லை. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நிலைமை இன்னும் கொடிது. 1746ஆம் ஆண்டு சென்னையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லாபூர்தொனே, கோட்டையை எளிதில் வென்றார். ஆயினும் அவ்வாண்டு அக்டோபரில் அடித்த புயலில் தம் கப்பல்களைக் காக்க அவரால் இயலவில்லை. கடற்படை வலிமை வாய்ந்தோர்க்கும் இத்துறை தந்த பாடம் அது.

இவ்வளவு இடர் நிறைந்த இடத்தில் ஆங்கிலேயர் ஏன் நகர் கண்டனர் என்ற வினா எழும். அவர்களை இங்கு இழுத்தது கடலன்று, கரைக்கு உட்புறமிருந்த தறிகளே. சோழமண்டலத்து நெசவாளர் நெய்த துணிக்கு உலகெங்கும் கிராக்கி இருந்தது. துணி மலிவாகக் கிடைத்தது. ஆனால் அதைக் கப்பலில் ஏற்றும் வழிதான் அரிதாக இருந்தது. கப்பலோடு வந்த ஐரோப்பியப் படகுகள் அந்த அலைகளில் புகுந்தால் கரையில் மோதிச் சிதறின. அரிதான அவ்வழியைத் திறந்து கொடுத்தவை, கம்பெனியார் வருவதற்கு முன்பே இக்கரையில் புழங்கிவந்த தைத்த படகுகள். இவை இல்லையேல் புனித ஜார்ஜ் கோட்டை ஒரு மணற்கோட்டையாகவே முடிந்திருக்கும் என்று கூறினும் மிகையாகாது.

கலம் அமைந்த விதம்

திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் தலைமைக் கப்பல் தச்சராகப் பணியாற்றிய ஜான் எடை என்பார், சோழமண்டலம், மலபார், இலங்கைக் கரைகளின் மரக்கலங்களைப் பற்றி 1834இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தொழில் அறிந்தவர் கண்கொண்டு எழுதப்பட்டது ஆதலின் அதற்குத் தனி மதிப்பு உண்டு. மசூலாப் படகின் நீளம் 30 முதல் 35 அடி, அகலம் 10 முதல் 11 அடி, ஆழம் 7 முதல் 8 அடி என்று அவர் அளவு தருகிறார். நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு அகலம். படகு என்ற அளவில் நோக்கின் வியப்பூட்டும் ஆழம். தட்டையான அடி, உயர்ந்த பக்கங்கள், இருமுனையும் மேல்நோக்கிக் குவிந்த வடிவம் என்று இக்கலத்தை நாம் மனக்கண்ணில் கண்டுகொள்ளலாம்.

இக்கலத்தில் இருந்தவற்றைவிட இல்லாதவையே கருதத்தக்கவை. பெரிய கலங்களுக்கு முதுகெலும்பாக அமையும் கனத்த அடிக்கட்டை இதற்கு இல்லை. பக்கப் பலகைகளைத் தாங்கும் விலாச் சட்டங்கள் இல்லை. மேல்தளம் இல்லை. முன்னர்க் கூறியதுபோல ஆணி என்பது அறவே இல்லை. மாமரம் போன்ற இலேசான மரங்களில் அறுத்த அகன்ற, மெல்லிய பலகைகளை ஒன்றோடொன்று விளிம்பு பொருந்த வைத்து, விளிம்பு ஓரமாகத் துளையிட்டு, தென்னங்கயிற்றால் இறுகத் தைத்துவிடுவர். இரு பலகை கூடும் மூட்டின்மேல் உலர்ந்த புல்லையோ தென்னந்தும்பையோ திரணையாக வைத்து, அதன் குறுக்கே மாறி மாறிக் கயிறு ஓடும். படகு நீரில் இறங்கியதும் அத்திரணை நனைந்து உப்பி இடைவெளியை அடைத்துக்கொள்ளும். பக்கங்கள் விரிந்துவிடாமலும் குவிந்துவிடாமலும் பிடித்து நிற்பவை குறுக்கே இடப்பட்ட சில பலகைகளே.

மேலை நாட்டுத் தச்சர்கள் முதலில் எலும்புக்கூட்டை நிறுத்திப் பின்பு அதன்மேல் பலகையைப் போர்த்துவர். நம் கரையிலோ பலகையே உடலும் எலும்புமாகியது. இதைக் கண்டு அயலார் குறையென்று கருதியதில் வியப்பில்லை. ஆயினும் நேரில் பயணம் செய்து பார்த்தவர்கள் அதன் பொருளைப் புரிந்துகொண்டனர். 1673இல் சென்னைக்கு வந்த ஜான் ஃபிரையர் என்ற ஆங்கில மருத்துவர், தாம் கரையேறிய மசூலாவைப் பற்றி எழுதியுள்ளார். பத்துப் பேர் துடுப்புப் போட்டனர் என்றும், அவர்களுள் பின்னால் இருந்த இருவர் துடுப்பையே சுக்கானாகக் கொண்டு படகைச் செலுத்தினர் என்றும், தைத்த மூட்டுகள் குங்கிலியம் போன்ற பிசினால் அடைக்கப்பட்டிருந்தன என்றும் கூறுகிறார். அலைக்கு அப்படகு வளைந்து கொடுத்தது என்பதையும், வளையாத எதனையும் அந்தக் கரை நொறுக்கிவிடும் என்பதையும் அவர் கண்டு சொன்னதே நமக்கு முக்கியம். ஏறக்குறைய அதே காலத்தில் இக்கரைக்கு வந்த தாமஸ் பவ்ரி என்ற கடல் வணிகரும், அகன்ற மெல்லிய பலகைகள், கயிற்றுத் தையல், தட்டையான அடி ஆகியவற்றைக் குறித்து வைத்துள்ளார்.

ஆக, மசூலாவின் மென்மை அறியாமையால் வந்ததன்று. பேரலை ஒன்று படகைத் தூக்கி மணலில் அறையும்போது, விறைத்த உடலாயின் அவ்வடி முழுவதும் ஓரிடத்தில் விழுந்து ஆணி பெயரும், சட்டம் முறியும். தைத்த உடலோ மூட்டுக்கு மூட்டு சிறிதே நெகிழ்ந்து, அந்த அடியைப் பலகைதோறும் பகிர்ந்து வாங்கிக்கொள்ளும். தட்டையான அடி மணலில் சாயாமல் உட்காரும். உயர்ந்த பக்கம் உடைந்து விழும் அலையை உள்ளே விடாது. கனத்த அடிக்கட்டை இல்லாமையால் ஆழமற்ற நீரிலும் மிதக்கும், கரையில் இழுத்து வைக்கவும் எளிது. உப்புநீரில் துருவேறி மரத்தை அரிக்க இதில் இரும்பே இல்லை. கயிறு நைந்தால் பிரித்து அதே பலகைகளை மீண்டும் தைத்துக்கொள்ளலாம். ஓயாது நீர் கசியும் என்பது ஒன்றே இதன் குறை. அக்குறையை அறிந்தே, நீர் இறைப்பதற்கென்று ஆட்களைப் படகில் வைத்திருந்தனர். எடை என்பாரும் இடைவிடாது நீர் இறைக்கும் இருவரைக் குறிப்பிட மறக்கவில்லை.

நாரின் உறவு

தைத்த கலம் சென்னைக்கு மட்டும் உரியதன்று. அரபு நாடு தொடங்கிக் கீழ்க்கடல் வரை பரந்து கிடந்த ஒரு பெரிய மரபின் கிளை அது. கி.பி. முதல் நூற்றாண்டினதாகக் கருதப்படும் ‘எரித்திரியக் கடலின் பெரிபுளூஸ்’ என்னும் கிரேக்க நூல், அரபுக் கடலில் ஓடிய தைத்த படகுகளைக் குறிப்பிடுகிறது. நம் கரையில் பெருமரங்களைப் பிணைத்துச் செய்த ‘சங்கரா’ என்ற கலங்களையும் அது கூறுகிறது. 1998இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே கடலடியில் கண்டறியப்பட்ட 9ஆம் நூற்றாண்டுக் கப்பலும் தைக்கப்பட்ட கலமே.

பதினான்காம் நூற்றாண்டின் உலகப் பயணியான இப்னு பதூதா இக்கலையின் காரணத்தைத் தெளிவாகவே விளக்கியிருக்கிறார். மாலத்தீவில் காழியாகப் பணியாற்றியவர் அவர். அங்கே தென்னை மட்டையை ஊறவைத்து அடித்து நார் எடுத்துக் கயிறு திரிப்பதைக் கண்டார். அக்கயிறே இந்தியாவிலும் யமனிலும் கப்பல் தைக்கப் பயன்பட்டது என்றும், ஆணி அறைந்த கப்பல் பாறையில் மோதினால் உடைந்துபோகும், கயிற்றால் தைத்த கப்பலோ நெகிழ்ந்து தப்பும் என்றும் அவர் எழுதினார். ஃபிரையருக்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னரே சொல்லப்பட்ட விளக்கம் இது. பின்னர் இலங்கையிலிருந்து ‘மஃபர்’ என அரபிகள் அழைத்த நம் தமிழ்க் கரைக்கு வரும் வழியில் அவரது கப்பல் ஆழமற்ற கடலில் சிக்கிச் சிதைந்தது. இரவெல்லாம் உடைந்த கப்பலில் கிடந்தவரைப் பொழுது விடிந்ததும் படகில் வந்து மீட்டவர்கள் இக்கரையின் மக்களே.

‘மசூலா’ என்ற பெயரே ஒரு புதிர். மசூலிப்பட்டினத்தின் பெயரிலிருந்து வந்தது என்பர் சிலர். மீனைக் குறிக்கும் வடநாட்டுச் சொல்லிலிருந்து பிறந்தது என்பர் வேறு சிலர். அரபு மொழியில் வேர் தேடியவர்களும் உண்டு. ‘மவ்ஸூல்’ என்றால் இணைக்கப்பட்டது என்று பொருள். ‘மஹ்சூல்’ என்றால் வரி. நாம் இன்று விளைச்சலுக்கு வழங்கும் ‘மகசூல்’ அதுவே. மூன்றாவதாக ‘மஸத்’ என்ற சொல்லையும் காட்டுவர். திருக்குர்ஆனின் 111ஆம் அத்தியாயத்துக்குப் பெயராகவும் வழங்கும் அச்சொல், மரநாரால் திரித்த கயிற்றைக் குறிப்பது என்பதை நம் வாசகர்கள் அறிவர். பதினாறாம் நூற்றாண்டில் சாந்தோமுக்கு வந்த செசாரே ஃபெதரிச்சி என்ற வெனிஸ் நகர வணிகர், மெல்லிய பலகைகளைக் கயிற்றால் தைத்த அப்படகுகளை ‘மசூதி’ என்ற ஒலிவடிவில் குறித்திருப்பது இக்கருத்துக்குத் துணையாகக் காட்டப்படுகிறது. முடிந்த முடிபாக எதையும் உரைப்பதற்கில்லை. ஆயினும், ஒரு சிறு படகின் பெயரைத் தேடப் புகுந்தால் தமிழ், தெலுங்கு, மராத்தி, அரபு ஆகிய நான்கு மொழிகளின் வாசலையும் தட்ட வேண்டியிருக்கிறது என்பதே இக்கரையின் வரலாறு எத்தகையது என்பதைக் காட்டும். ‘கயிறு’ என்னும் நம் சொல் ஆங்கிலத்தில் ‘காயர்’ ஆகி உலகெங்கும் வழங்குவதும் இங்கு நினைக்கத்தக்கது.

அலையைக் கடந்த கைகள்

படகு எத்துணை நுட்பமாக அமைந்தாலும் அதைச் செலுத்துவோர் திறமின்றேல் பயனில்லை. மசூலாவில் எட்டு முதல் பன்னிரண்டு பேர் வரை துடுப்புப் போட்டனர். நீண்ட கழியின் முனையில் வட்டமான பலகையைக் கட்டியதே அவர்களது துடுப்பு. பின்முனையில் நெடிய துடுப்பொன்றைச் சுக்கானாகப் பிடித்து நிற்பவர் தண்டல். படகின் உயிர் அவர் கண்ணில் இருந்தது. உடையும் அலைவரிசைக்குச் சற்று வெளியே படகை நிறுத்தி, வருகிற அலைகளை எண்ணிக் கணித்து, பேரலை ஒன்று கடந்தவுடன் அவர் குரல் கொடுப்பார். துடுப்புகள் ஒருசேர விழும். அடுத்த அலை முதுகில் ஏற்றிப் படகைக் கரைநோக்கி வீசும். மணலில் அது மோதும் கணத்தில் கரையில் காத்திருப்போர் கயிற்றைப் பற்றி இழுப்பர். இழுப்பதற்குள் மற்றோர் அலை வந்துவிட்டால் படகு பக்கவாட்டில் திரும்பிக் கவிழும். துடுப்பின் கதியை ஒன்றுபடுத்த அவர்கள் பாடிக்கொண்டே சென்றதை வெளிநாட்டுப் பயணிகள் பலரும் எழுதியுள்ளனர்.

கடல் சீறும் நாள்களில் மசூலாவை ஒட்டிக் கட்டுமரங்களும் செல்வதுண்டு. படகு கவிழ்ந்தால் நீரில் வீழ்ந்தோரைத் தூக்கி எடுப்பது அவர்கள் பணி. அவ்வாறு உயிர் காத்தவர்களுக்குப் பதக்கம் அளித்துச் சிறப்பித்ததும் உண்டு. எந்தப் படகும் போக முடியாத கொந்தளிப்பில், கப்பலுக்குக் கடிதம் கொண்டு சென்றவர்களும் கட்டுமரக்காரர்களே.

இப்படகோட்டிகள் வாழ்ந்த இடமே இராயபுரம். அவர்களுள் பெரும்பாலோர் கத்தோலிக்கர். பேதுரு என்னும் அப்போஸ்தலரை ‘இராயப்பர்’ என்பது தமிழ்க் கிறித்தவ மரபு. அவர் பெயரால் எழுந்ததே இவ்வூரின் பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் படகோட்டி மக்களின் முயற்சியால் எழுந்த புனித பேதுரு ஆலயம் இன்றும் அங்கே நிற்கிறது. மீன்பிடிப்போரின் காவலராகிய பேதுருவின் பெயரைக் கடலோடிகளின் ஊர் தாங்கியது பொருத்தமே. அதே காலத்தில், அதே வடசென்னையில், இராமநாதபுரச் சீமையின் தொண்டிப் பக்கத்திலிருந்து வந்த குணங்குடி மஸ்தான் சாகிபு தவவாழ்வு வாழ்ந்து 1838இல் மறைந்தார். ‘தொண்டியார்’ வாழ்ந்த இடமே தண்டையார்பேட்டை ஆயிற்று என்பது மக்கள் வழக்கு. இராயப்பர் பெயர் கொண்ட ஊரும் தொண்டியார் பெயர் கொண்ட ஊரும் அடுத்தடுத்து அமைந்து, ஒரே கடற்கரையை நம்பிப் பிழைத்தன.

பண்டமும் வணிகரும்

அப்படகுகள் சுமந்தவற்றை எண்ணினால் நகரத்தின் வாழ்வையே எண்ணியதாகும். உள்நாட்டுத் துணிப்பொதிகளும் அவுரியும் வெளியே சென்றன. இலண்டனிலிருந்து வெள்ளிக்காசுப் பெட்டிகள் உள்ளே வந்தன. பீரங்கியும் வெடிமருந்தும் வந்தன. அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் உறைந்த ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியும் வந்தது. அதைச் சேமிக்கக் கடற்கரையில் 1842இல் எழுந்த கட்டடம் ‘ஐஸ் ஹவுஸ்’ என்று பெயர் பெற்று, இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. மேலைக் கண்டத்தின் பனிக்கட்டியைச் சென்னை மணலில் இறக்கியது நம் தென்னங்கயிற்றுப் படகு என்பதை நினைத்தால் புன்னகை அரும்பாமல் இராது.

இவ்வாணிபத்தில் தமிழ் முஸ்லிம்களின் பங்கு சிறியதன்று. காயல், கீழக்கரை, நாகூர், பரங்கிப்பேட்டை, பழவேற்காடு ஆகிய துறைகளைச் சார்ந்து வாழ்ந்த மரைக்காயர்கள் கப்பலுடைமையாளராகவே பெயர் பெற்றவர்கள். ‘மரக்கலராயர்’ என்பதே மரைக்காயர் ஆயிற்று என்பர். கப்பலைக் குறிக்கும் ‘மர்கப்’ என்ற அரபுச் சொல்லே அதன் வேர் என்பாரும் உளர். எவ்வாறாயினும் பெயரிலேயே கலத்தைச் சுமந்தவர்கள் அவர்கள். ஆங்கில ஆவணங்கள் ‘சூலியர்’ என்று குறிக்கும் இவ்வணிகர்களின் கப்பல்கள் கடாரம், மலாக்கா, அச்சை, பினாங்கு எனக் கீழைத் துறைகள் பலவற்றுக்கும் ஓடின. சென்னையிலும் மண்ணடி, மூர் தெருப் பகுதிகளில் அவர்கள் தடம் இன்றளவும் அழியாதிருக்கிறது.

அவர்களது கப்பல்கள் பெரியவை, ஆழ்கடல் செல்பவை. எனினும் சென்னைத் துறைக்கு வந்தால் அவையும் அலைக்கு வெளியேதான் நிற்க வேண்டும். கம்பெனியின் பெருங்கப்பலாயினும் மரைக்காயரின் கலமாயினும், செட்டியாரின் பொதியாயினும் அர்மேனியரின் பெட்டியாயினும், கடைசி ஒரு மைல் தூரம் இராயபுரத்துப் படகோட்டியின் தோளை நம்பியே இருந்தது. கடலில் இவர்கள் போட்டியாளர். கரைக்கு வரும்போது எல்லாரும் ஒரே தண்டலின் குரலுக்குக் காத்திருந்தவர்கள்.

அக்காலத்து ஐரோப்பியர் எழுத்துகளில் படகோட்டிகள் மீது திருட்டுக் குற்றச்சாட்டும், கூலி அதிகம் கேட்கிறார்கள் என்ற முறையீடும் அடிக்கடி காணப்படும். அவர்கள் அனைவரும் குற்றமற்றவர் என்று நாம் வாதிட வரவில்லை. ஆனால் உயிரைப் பணயம் வைத்து நாளும் அலையில் இறங்கியவனின் கூலிக் கணக்கை, நனையாமல் கரையில் நின்றவர்களே எழுதி வைத்தார்கள் என்பதை வரலாற்று மாணவன் மறந்துவிடலாகாது. தண்டல் ஒருவர் தம் கையால் எழுதிய குறிப்பு நமக்குக் கிடைத்திருந்தால் கணக்கு வேறாக இருந்திருக்கக் கூடும்.

துறைமுகம் வந்தது

1856இல் இராயபுரத்தில் தென்னிந்தியாவின் முதல் இரயில் நிலையம் திறக்கப்பட்டது. உள்நாட்டுச் சரக்கு இரும்புப் பாதையில் விரைந்து வரத் தொடங்கியதும், கடலோரத்தில் படகுக்காகக் காத்துக் கிடப்பது ஆட்சியாளருக்குப் பொறுக்கவில்லை. கடலுக்குள் 1,000 அடிக்கு மேல் நீண்ட இரும்புப் பாலமொன்று 1861இல் பயனுக்கு வந்தது. திருகாணித் தூண்களின்மேல் நின்ற அப்பாலம் கப்பல் மோதியும் புயலடித்தும் பலமுறை சிதைந்தது. கற்சுவர்களால் கடலை வளைத்துத் துறைமுகம் காணும் திட்டம் அடுத்து உருவாயிற்று. 1875இல் இங்கிலாந்து இளவரசர் அடிக்கல் நாட்டினார். வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பரில் வந்த புயல் அரை மைல் நீளச் சுவரைச் சரித்து, பாரந்தூக்கும் பெரும் எந்திரங்களையும் கடலில் தள்ளியது. மீண்டும் கட்டி முடிக்க 1890களின் நடுப்பகுதி ஆயிற்று.

அப்போதும் மசூலாவின் வேலை முடிந்துவிடவில்லை. கப்பல்கள் சுவர்களுக்குள் வந்து நின்றனவேயன்றி, கரையை ஒட்டி அணையும் மேடைகள் இல்லை. சரக்கைக் கரை சேர்க்க இன்னமும் படகு தேவைப்பட்டது. சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் துறைமுகப் பொறுப்பாட்சிக் கழகத்தின் தலைமையை ஏற்றிருந்த காலத்தில்தான் (இந்நாட்களில்தான் கணித மேதை இராமானுசன் அங்கே எழுத்தராக இருந்தார்) நுழைவாயில் வடகிழக்காக மாற்றப்பட்டு, அணைமேடைகள் கட்டப்பட்டன. கப்பல் கரையோடு ஒட்டிய நாளில் தைத்த படகின் சரக்குத் தொழில் முடிவுக்கு வந்தது. அலையின் தீமையால் அழியாத அப்படகு, அலையே இல்லாமற்போனதால் அழிந்தது.

சரக்குத் தொழில் போன பின்னும் கரைவலை இழுக்கும் மீனவர்களிடையே அவ்வினப் படகுகள் நெடுநாள் வாழ்ந்தன. சென்னை மாகாண மீன்வளத் துறையின் தலைவராயிருந்த ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி 1920இல் வெளியிட்ட ஆய்வில் இவற்றுக்கு இடம் தந்துள்ளார். ஆந்திர, ஒரிசாக் கரைகளில் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் தைத்த படகுகள் காணப்பட்டன. பின்னர் ஆணிப் படகும் எந்திரப் படகும் வந்தன. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் கண்ணாடி இழைப் படகுகள் கரையெங்கும் நிறைந்தன.

கரை போன கதை

கதை இத்துடன் முடிந்தால் காலமாற்றம் என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் இராயபுரத்து மக்கள் இழந்தது படகுத் தொழிலை மட்டுமன்று. சோழமண்டலக் கரையில் கடல் நீரோட்டம் ஆண்டு முழுவதும் மணலைச் சுமந்து செல்கிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் அது தெற்கிலிருந்து வடக்கே செல்லும் மணலே மிகுதி. கடலுக்குள் நீண்ட துறைமுகச் சுவர் அம்மணலைத் தெற்கே தடுத்து நிறுத்தியது. அவ்வாறு தேங்கிய மணலால் அகன்றதே இன்று உலகம் புகழும் மெரினாக் கடற்கரை. வடக்கே செல்ல வேண்டிய மணல் போய்ச் சேரவில்லை. இராயபுரம் தொடங்கிக் காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் வரை கடல் கரையைத் தின்னத் தொடங்கியது. குப்பங்களும் தெருக்களும் மெல்ல மெல்ல நீரில் இறங்கின. கட்டுரையின் தொடக்கத்தில் நாம் கண்ட கருங்கற்குவியல், கடலைத் தடுக்க ஆண்டுகள் பலவாகக் கொட்டிவரும் கற்களே.

தைத்த படகுக்குத் துறைமுகமே வேண்டியதில்லை. மணற்கரை ஒன்று போதும். கரையை உள்ளபடியே ஏற்றுக்கொண்டு, அதற்கேற்பத் தன் உடலை அமைத்துக்கொண்ட கலம் அது. துறைமுகமோ தனக்கேற்பக் கரையை மாற்றியது. மாற்றியதன் பயன் நகருக்கும் நாட்டுக்கும் கிடைத்தது. அதை மறுக்க இயலாது. அதன் விலையைக் கொடுத்தவர்கள் யார் என்று கேட்டால், இரண்டு நூற்றாண்டுக் காலம் நகரைத் தோளில் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகளே என்ற விடை கிடைக்கிறது.

தையற்கலை முற்றிலும் செத்துவிடவுமில்லை. 1980–81இல் டிம் செவரின் என்ற ஆய்வாளர், மலபார் மரத்தாலும் தென்னங்கயிற்றாலும் தைக்கப்பட்ட ‘சோகார்’ என்ற கப்பலில் ஓமனிலிருந்து சீனத்துக்குச் சென்று காட்டினார். அஜந்தா ஓவியத்திலுள்ள கப்பலைப் பின்பற்றித் தைக்கப்பட்ட ‘கௌண்டின்யா’ என்ற பாய்க்கப்பல் 2025 மே மாதம் இந்தியக் கடற்படையில் சேர்க்கப்பட்டது. கேரளத்துத் தச்சர்களின் கைத்திறனால் உருவானது அது. மேற்குக் கரையில் கை தப்பிப் பிழைத்தது. நம் கரையில் அது மறைந்தது.

அந்தப் பெருமையைக் கண்டு மகிழும் நாம், நம் வாசலில் நின்றதை எண்ணிப் பார்க்க வேண்டும். சென்னைத் துறைமுகத்தின் வரலாற்றை 1861இலோ 1875இலோ தொடங்குவது அதன் முதல் இரண்டு நூற்றாண்டுகளைக் கிழித்தெறிவதாகும். அலைக்கு எத்தனை வகைப் பெயர், காற்றுக்கு எத்தனை பெயர், தையலின் வகைகளுக்கு என்ன பெயர் என்பன இராயபுரம், காசிமேட்டு முதியவர்கள் நினைவில் எஞ்சியிருந்தால், அவற்றைக் கேட்டு எழுதி வைப்பது தமிழறிந்தோர் கடமை. மரக்கலத்தால் பெயர் பெற்ற சமுதாயத்தார்க்கு அக்கடமை இன்னும் ஒருபடி கூடுதல். நம் முன்னோரின் பொதிகளை நனையாமல் கரை சேர்த்தவர்கள் அவர்கள். அவர்கள் பெயரை மறதி என்னும் கடலில் நனையவிடாமல் கரை சேர்ப்பது நாம் பட்ட கடனைத் தீர்க்கும் வழியாகும்.